கிளியரன்ஸ் மறுக்கப்பட்டது: புது ரசீதை வைத்து அப்பீல் போகலாமா?

கேள்வி: வடக்கு வர்ஜீனியாவில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்யும் ஒரு கான்ட்ராக்ட் நிறுவனத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருக்கிறேன். வயது 44. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிப் பல வருடம் ஆகிறது. 2021-ல் ஒன்பது மாதம் வேலை இல்லை. அதே நேரத்தில் மதுரையில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நான்தான் அனுப்பினேன். மூன்று கிரெடிட் கார்டுகளில் சுமார் 31,000 டாலர் பாக்கி ஏறிவிட்டது. காரை பேங்க்காரர்கள் எடுத்துக்கொண்டு போய் விற்றது போக 8,400 டாலர் பாக்கி நின்றது. 2020, 2021 வருமான வரிக் கணக்குகளை 2023-ல்தான் தாக்கல் செய்தேன். ரீஃபண்ட் வரவேண்டிய கணக்குதானே என்று தள்ளிப்போட்டுவிட்டேன்.

அரசு ரகசியங்களைக் கையாள அனுமதி தரும் சீக்ரெட் கிளியரன்ஸுக்கு விண்ணப்பித்தபோது இதையெல்லாம் குறிப்பிட்டு, மறுப்புக்கான காரணங்களை வரிசையிடும் எஸ்.ஓ.ஆர். அறிக்கை வந்தது. நேரில் விசாரணை வேண்டாம், எழுத்து மூலமே முடிவு செய்யுங்கள் என்று கேட்டேன். அரசுத் தரப்புக் கோப்பு வந்ததும் இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி, கார் கடனை மாதாமாதம் கட்டிவருவதற்கான ரசீதையும் மெயிலில் இணைத்து அனுப்பினேன். போன வாரம் தீர்ப்பு வந்தது. மறுத்துவிட்டார்கள். ‘எந்தக் கடனுக்கும் விண்ணப்பதாரர் ஆவணம் தரவில்லை’ என்று எழுதியிருக்கிறது. தீர்ப்பு வந்த பிறகு ஒரு கார்டு பாக்கியை செட்டில் செய்துவிட்டேன். அந்த ரசீதை வைத்து அப்பீல் போகலாமா? என்னைவிட அதிகக் கடன் இருந்தவர்களுக்குக் கிளியரன்ஸ் கிடைத்திருக்கிறதே, அதை எழுதலாமா? வேலை போய்விடும் என்று பயமாக இருக்கிறது. மனைவிக்கு முழு விவரம் தெரியாது. பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே தீர்ப்பின் முதல் பக்கத்தை எடுத்து, அதில் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதியிலிருந்து 15 நாட்களுக்குள் உங்கள் அப்பீல் நோட்டீஸ் அப்பீல் போர்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை, தீர்ப்பின் தேதியிலிருந்து. நீங்கள் தபாலில் போட்ட நாளும் கணக்கில் வராது. அங்கே கிடைத்த நாள்தான் கணக்கு. ‘போன வாரம் வந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பாதி நாள் போயிருக்கக்கூடும்.

நோட்டீஸ் எழுதுவது பெரிய வேலை இல்லை. உங்கள் பெயர், தீர்ப்பில் உள்ள வழக்கு எண், தீர்ப்பின் தேதி, ‘இந்தத் தீர்ப்பை எதிர்த்து அப்பீல் செய்கிறேன்’ என்று ஒரு வரி, கையெழுத்து. அவ்வளவு போதும். காரணங்களை இதில் எழுத வேண்டாம். அவற்றை விரிவாக எழுதும் மனு தனி. அது தீர்ப்பின் தேதியிலிருந்து 45 நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும். அப்பீல் போகலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றாலும் நோட்டீஸை அனுப்பிவிடுங்கள். பிறகு வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடலாம். நோட்டீஸ் போகாமல் 15 நாள் கடந்துவிட்டால் தீர்ப்பு இறுதியாகிவிடும்; தகுந்த காரணம் காட்டாமல் அதன் பிறகு ஏற்க மாட்டார்கள்.

சரி, இப்போது உங்கள் முதல் கேள்வி. தீர்ப்புக்குப் பிறகு கார்டு பாக்கியைக் கட்டிய ரசீதை அப்பீலில் வைக்க முடியாது. அப்பீல் போர்டு புதுச் சான்று எதையும் பார்க்காது. பாதுகாப்புத் துறையின் 5220.6 என்ற உத்தரவில் இது நேரடியாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1992 முதல் நடைமுறையில் இருக்கும் உத்தரவு அது. கான்ட்ராக்ட் நிறுவன ஊழியர்களின் கிளியரன்ஸ் வழக்குகளை நடத்தும் டோஹா (DOHA) என்ற அலுவலகம் அதன்படிதான் இயங்குகிறது. நீங்கள் நேரடி அரசு ஊழியராக இருந்திருந்தால் வழி வேறு. கான்ட்ராக்ட் ஊழியர் என்பதால் உங்களுக்கு இதுதான்.

அப்பீல் என்றவுடன் ‘இன்னொரு முறை என் நிலைமையை எடுத்துச் சொல்லலாம்’ என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இயல்பான நினைப்புதான், ஆனால் தவறு. மூன்று பேர் கொண்ட அப்பீல் போர்டு உங்களுக்குக் கிளியரன்ஸ் கொடுக்கலாமா என்று புதிதாக யோசிப்பதே இல்லை. அவர்கள் பார்ப்பது மூன்று விஷயங்கள். நீதிபதி கண்டறிந்த உண்மைகளுக்கு வழக்குப் பதிவில் போதுமான ஆதாரம் இருக்கிறதா, நடைமுறை ஒழுங்காகப் பின்பற்றப்பட்டதா, அவருடைய முடிவு தன்னிச்சையானதா அல்லது சட்டத்துக்கு முரணானதா. இந்த மூன்றில் ஒன்றில் பிழை காட்டினால்தான் அவர்கள் தலையிடுவார்கள். ‘நீதிபதி என் கஷ்டத்துக்கு இன்னும் கொஞ்சம் முக்கியத்துவம் கொடுத்திருக்கலாம்’ என்பது பிழை இல்லை. சான்றை எடைபோடுவது அவர் வேலை. பதிவில் இருந்த எல்லாவற்றையும் அவர் படித்துப் பார்த்தார் என்றே போர்டு எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது நீங்கள்தான்.

அதே காரணத்தால், அதிகக் கடன் இருந்தும் கிளியரன்ஸ் வாங்கியவர்களின் கதை அப்பீலில் எடுபடாது. டோஹா தீர்ப்புகள் பெயர் நீக்கி வெளியிடப்படுகின்றன. நீங்கள் படித்துப் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஒரு நீதிபதி எழுதியது இன்னொரு நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. அந்த வழக்குகளைக் கொஞ்சம் உன்னிப்பாகப் படித்தால், பெரும்பாலும் தொகை பெரிதாக இருக்கும், பக்கத்திலேயே ரசீதுக் கட்டும் பெரிதாக இருக்கும். வேலை போய்விடும், குடும்பம் கஷ்டப்படும் என்பதையும் மனுவில் எழுதாதீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மறுப்பால் உங்களுக்கு வரும் பாதிப்பு இந்த முடிவுக்குத் தொடர்பில்லாதது என்று போர்டு பல வழக்குகளில் சொல்லிவிட்டது. 1988-ல் ஈகன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கிளியரன்ஸ் என்பது யாருக்கும் உள்ள உரிமை இல்லை, சந்தேகம் இருந்தால் மறுப்பின் பக்கம்தான் சாய வேண்டும் என்று சொன்னது. அதன் நிழல் எல்லாத் தீர்ப்புகளிலும் விழுந்திருக்கும். உங்கள் தீர்ப்பிலும் இருக்கும், பாருங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. கார் கடன் ரசீதை மெயிலில் இணைத்தேன் என்கிறீர்கள். எந்தக் கடனுக்கும் ஆவணம் தரவில்லை என்கிறது தீர்ப்பு. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. உங்கள் அப்பீலில் உயிர் இருந்தால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இன்றைக்கே அந்த மெயிலைத் திறந்து பாருங்கள். அனுப்பியவை என்ற பகுதியில் போய், கோப்பு உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘இத்துடன் இணைத்துள்ளேன்’ என்று எழுதிவிட்டு இணைக்க மறப்பது எல்லோருக்கும் நடப்பது. அடுத்து, அரசுத் தரப்புக் கோப்பு உங்களுக்குக் கிடைத்ததிலிருந்து 30 நாட்களுக்குள் மெயில் போயிருக்கிறதா? அதைப் பெற்றுக்கொண்டதாக நீங்கள் கையெழுத்திட்ட தாளில் தேதி இருக்கும். சரியான முகவரிக்குப் போயிருக்கிறதா? பதில் ஏதாவது வந்ததா? கடைசியாக, தீர்ப்பின் தொடக்கத்தில் வழக்கின் வரலாறு என்று ஒரு பத்தி இருக்கும். அதை நிதானமாகப் படியுங்கள். நீங்கள் அனுப்பியது என்ன, அதற்கு என்ன அடையாளம் இட்டார்கள், அரசு வழக்கறிஞர் ஆட்சேபித்தாரா என்று அங்கேதான் எழுதியிருப்பார்கள். ‘விண்ணப்பதாரர் ஒரு கடிதம் அனுப்பினார்’ என்று மட்டும் இருந்தால், உங்கள் ரசீது நீதிபதி கைக்கே போகாமல் இருந்திருக்கலாம். ‘கடிதமும் இணைப்பும்’ என்று இருந்தால், கையில் இருந்த ரசீதை அவர் கணக்கில் எடுக்கவில்லை என்று ஆகிறது. இரண்டுமே அப்பீலுக்கு உரிய பிழைகள்தான், ஆனால் வேறு வேறு பிழைகள்.

ரசீது பதிவில் இருந்தும் நீதிபதி இல்லை என்று எழுதியிருந்தால் அது உண்மையைக் கண்டறிந்ததில் உள்ள பிழை. பதிவைச் சுட்டிக்காட்டினாலே போதும். நீங்கள் நேரத்தில் அனுப்பியது வழியில் எங்கோ தொலைந்து பதிவுக்குள் வரவே இல்லை என்றால் அது நடைமுறைப் பிழை, உங்கள் தரப்பைக் கேட்காமல் முடிவு செய்த மாதிரி. புதுச் சான்று கூடாது என்ற விதி இங்கே மட்டும் கொஞ்சம் நெகிழும். நடைமுறை நியாயம் கிடைத்ததா என்பதைத் தீர்மானிக்க, நீங்கள் மெயில் அனுப்பியதற்கான அத்தாட்சியைப் போர்டு பார்ப்பதுண்டு. அதைக் காட்டலாம். ஆனால் அந்தச் சாக்கில் தீர்ப்புக்குப் பிறகு கட்டிய கார்டு ரசீதையும் சேர்த்து அனுப்பாதீர்கள். அதைப் படிக்க மாட்டார்கள், உங்கள் நல்ல வாதமும் அதோடு சேர்ந்து மங்கிப்போகும்.

மனு எப்படி இருக்க வேண்டும்? கூடியவரை சின்னதாக. இந்த மாதிரி: ‘தீர்ப்பின் 4-ஆம் பக்கத்தில், விண்ணப்பதாரர் எந்தக் கடனுக்கும் ஆவணம் தரவில்லை என்று நீதிபதி எழுதியுள்ளார். கோப்புக்கான பதிலாக, கெடு முடியும் முன், இன்ன தேதியில், இன்ன முகவரிக்கு நான் அனுப்பிய மெயிலில் கார் கடனை மாதம் தவறாமல் செலுத்தியதற்கான ரசீது இணைக்கப்பட்டிருந்தது. தீர்ப்பு அதைக் குறிப்பிடவே இல்லை. எஸ்.ஓ.ஆர்.-இல் இன்ன பத்தி குறித்தும், நான் கடனை அடைக்க நல்லெண்ணத்தோடு முயன்றேனா என்பது குறித்தும் நீதிபதி எடுத்த முடிவு இந்தப் பிழையின் மேல் நிற்கிறது.’ இதற்கு மேல் ஒரு பக்கம் போகலாம். பத்துப் பக்கம் வேண்டாம். மனுவைப் பொறுத்தவரை நீங்கள் மதுரைக்குப் பணம் அனுப்பிய மகன் இல்லை, பதிவில் உள்ள ஒரு பிழையைக் காட்டும் ஆள்.

கடைசி வரியைக் கவனித்தீர்களா? பிழை முடிவைப் பாதித்தது என்று காட்டுவதற்காகத்தான் அந்த வரி. பிழை இருந்தும் முடிவு மாறியிருக்காது என்று போர்டு நினைத்தால் அப்படியே விட்டுவிடும். இங்கேதான் உங்கள் வழக்கு பலவீனமாக இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். கார் கடன் ஒன்றுதான் ரசீதோடு நிற்கிறது. மூன்று கார்டுகளும் இரண்டு வரிக் கணக்குகளும் பதிவில் அப்படியே இருக்கின்றன. போர்டு உங்கள் பக்கம் சாய்ந்தாலும் நேராகக் கிளியரன்ஸ் கொடுத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இப்படிப்பட்ட பிழைக்கு வழக்கைத் திரும்ப நீதிபதிக்கே அனுப்புவார்கள். அவர் அந்த ரசீதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு மறுபடி மறுக்கலாம்.

அதனால் என் கருத்து இது. மெயிலில் ரசீது இணைந்திருந்து, நேரத்தில் போயிருந்தால் அப்பீல் செய்யுங்கள். இந்த ஒரே பிழையை மட்டும் வையுங்கள். ரசீது இணையவில்லை என்று தெரிந்தால் அப்பீலுக்காக வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தை இரண்டாவது கார்டில் கட்டுங்கள். எப்படியிருந்தாலும், உங்களுக்கு உண்மையில் கிளியரன்ஸ் வாங்கித் தரக்கூடியது மறு விண்ணப்பம்தான், அப்பீல் இல்லை. இறுதியாக மறுக்கப்பட்டவர் ஒரு வருடம் வரை மறுபடி விண்ணப்பிக்க முடியாது. அந்த ஒரு வருடம் நீதிபதியின் தீர்ப்புத் தேதியிலிருந்தே எண்ணப்படுகிறது, அப்பீல் முடிந்த தேதியிலிருந்து இல்லை. அதாவது உங்களுக்குக் கடிகாரம் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டது. அப்பீல் நடக்கும் மாதங்களும் இந்த வருடத்துக்குள்தான் வரும். அதைச் சும்மா உட்கார்ந்து கழித்துவிடாதீர்கள்.

இந்த ஒரு வருடத்தில் என்ன செய்வது என்பதற்கு முன்னால், அவர்கள் எதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். 2017 ஜூன் 8 முதல் எல்லாக் கிளியரன்ஸ் முடிவுகளும் சீட்-4 என்ற உத்தரவில் உள்ள 13 வழிகாட்டு நெறிகளின்படி எடுக்கப்படுகின்றன. பண விவகாரம் அதில் ‘எஃப்’. கடன் வாங்கியவர் கெட்டவர் என்று அது சொல்லவில்லை. கடனைக் கவனிக்காமல் விடுபவர் விதிகளையும் அப்படியே விடக்கூடும், கழுத்தை நெரிக்கும் கடன் உள்ளவர் பணத்துக்காகத் தவறான வழிக்குப் போகக்கூடும் என்பதுதான் அவர்களுடைய கவலை. அதே நெறியில் மன்னிக்கும் பகுதியும் இருக்கிறது. வேலை இழப்பு, எதிர்பாராத மருத்துவச் செலவு, மரணம், விவாகரத்து போன்று நம் கையில் இல்லாத காரணங்களால் கடன் வந்திருந்தால் அதைக் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் அந்த வாக்கியத்துக்கு இரண்டாவது பாதி ஒன்று உண்டு: அந்தச் சூழ்நிலையில் நீங்கள் பொறுப்பாக நடந்துகொண்டீர்களா? பெரும்பாலானவர்கள் முதல் பாதியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். உங்கள் இரண்டு பக்கக் கடிதமும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். வேலை போனது, அப்பா படுத்துவிட்டார், பணம் அனுப்பினேன். சரி, மறுபடி வேலை கிடைத்த பிறகு கார்டுக் கம்பெனிக்கு எப்போது முதல் போன் செய்தீர்கள்? நீதிபதி தேடுவது அந்தத் தேதியைத்தான்.

ஆகவே முதல் வேலையாக 2020 தொடக்கத்திலிருந்து மாதவாரியாக ஒரு காலவரிசை எழுதுங்கள். வேலை முடிந்த தேதி, வேலையில்லாக் கால உதவித்தொகை வந்த மாதங்கள், அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாள், டிஸ்சார்ஜ் ஆன நாள், நீங்கள் பணம் அனுப்பிய ஒவ்வொரு தேதியும் தொகையும், எந்த மாதத்தில் எந்தக் கார்டு தவறியது. மதுரை ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியும் பில்லும் பொதுவாக ஆங்கிலத்திலேயே இருக்கும், ஊரில் யாரையாவது விட்டு நகல் வாங்குங்கள். தமிழில் உள்ள சான்றிதழ் எதுவாக இருந்தாலும் ஆங்கில மொழிபெயர்ப்போடு வையுங்கள். பணம் அனுப்பிய கம்பெனியின் கணக்கில் பழைய பரிவர்த்தனைகளை இறக்கிக்கொள்ள முடியும். ஆஸ்பத்திரி பில் தேதியும், பணம் போன தேதியும், கார்டு தவறிய மாதமும் ஒரே தாளில் அடுத்தடுத்து நின்றால், படிப்பவருக்கு நீங்கள் விளக்கவே வேண்டாம். தேதிகளே சொல்லிவிடும்.

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மச்சானிடம் கைமாற்று வாங்கி ஒரு கடனை மூடுவோம், ஊரில் சீட்டு எடுத்து இன்னொன்றை அடைப்போம். எழுத்து எதுவும் இருக்காது. ஒரு குடும்பத்துக்குள் அது பெருமைக்குரிய நம்பிக்கை. ஆனால் கிளியரன்ஸ் வழக்கில், திடீரென்று 9,000 டாலர் வந்து ஒரு கார்டு மூடப்பட்டால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். இந்தியாவிலிருந்து வந்திருந்தால் வெளிநாட்டுத் தொடர்பு பற்றிய வேறு நெறியும் உள்ளே வரும். செட்டில் செய்த கார்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. யாராவது உறவினர் கொடுத்திருந்தால், தொகை, தேதி, திருப்பித் தரும் விதம் ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள், வங்கி வழியாகவே திருப்பிக் கொடுங்கள்.

மீதிக் கார்டுகளுக்கு வருவோம். எல்லாக் கடனையும் அடைத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று விதி இல்லை. அடைப்பதற்கு நியாயமான ஒரு திட்டம் இருக்க வேண்டும், அந்தத் திட்டப்படி குறிப்பிடத்தக்க அளவு நடந்தும் காட்டியிருக்க வேண்டும். 2008-ல் ஒரு வழக்கில் அப்பீல் போர்டு இதைத் தெளிவாக எழுதியது. அன்றிலிருந்து நீதிபதிகள் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுகிறார்கள். ‘இனிமேல் கட்டுவேன்’ என்ற வாக்குறுதிக்கு மதிப்பு கிடையாது. மாதம் 150 டாலர் என்றாலும் பன்னிரண்டு மாதம் தவறாமல் கட்டியிருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. எஸ்.ஓ.ஆர். வந்த பிறகு, வேலைக்கு ஆபத்து வந்த பிறகு அவசரமாகக் கட்டிய பணத்துக்கு எடை குறைவு. ஒரு கார்டை ஒரே மூச்சில் செட்டில் செய்ததைவிட, மூன்றிலும் சிறு தொகை ஒழுங்காகப் போவது உங்களுக்கு அதிகம் உதவும்.

இரண்டு தவறான நம்பிக்கைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். கடன் ஏழு வருடத்தில் கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்து விழுந்துவிடும், அப்போது பிரச்சினை தீரும் என்பது ஒன்று. விழுவது ரிப்போர்ட்டிலிருந்துதான், கடன் தீர்ந்துவிடுவதில்லை. கடன்காரன் வழக்குப் போடும் கெடு தாண்டிவிட்டால் போதும் என்பது இன்னொன்று. வர்ஜீனியாவில் எழுத்து மூலமான ஒப்பந்தத்துக்கு ஐந்து வருடம், பக்கத்து மேரிலாந்தில் பொதுவாக மூன்று வருடம். அந்தக் கெடுவைக் காத்திருந்து தாண்டுவது நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றலாம். டோஹாவில் அதை நல்லெண்ண முயற்சியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வங்கி ‘சார்ஜ் ஆஃப்’, அதாவது வராக் கடன் என்று எழுதிவிட்டதாலும் கடன் போய்விடுவதில்லை. கடனின் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து 1099-சி படிவம் அனுப்பினார்கள் என்றால், தள்ளுபடியான தொகை பொதுவாக வருமானமாகக் கருதப்படும். செட்டில் செய்த கார்டுக்கு அந்தப் படிவம் வரக்கூடும். வந்தால் இந்த வருட வரிக் கணக்கில் காட்ட மறக்காதீர்கள். கடனை அடைக்கப் போய் வரியில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

வரி என்றதும் சொல்ல வேண்டியது, உங்கள் வழக்கில் கார்டுகளைவிட எனக்குக் கவலை தருவது அந்த இரண்டு வரிக் கணக்குகள்தான். ரீஃபண்ட் வரவேண்டியது என்பதால் அரசுக்கு நஷ்டமில்லை என்று நீங்கள் நினைத்தீர்கள். ஆனால் கணக்குத் தாக்கல் செய்வது சட்டக் கடமை, பணம் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது இரண்டாவது. கேட்பதற்கு ஆள் இல்லாதபோது ஒரு எளிய சட்டக் கடமையைத் தள்ளிப்போட்டவர், ரகசியக் கோப்பு விஷயத்திலும் தள்ளிப்போடுவாரோ என்று நீதிபதி யோசிக்கிறார். எஸ்.ஓ.ஆர். வருவதற்கு முன்பே நீங்களாகத் தாக்கல் செய்தீர்களா என்பது இங்கே பெரிய வித்தியாசம். ஐ.ஆர்.எஸ். என்ற அமெரிக்க வரித்துறையின் தளத்தில் ஒவ்வொரு வருடத்துக்கும் கணக்கு டிரான்ஸ்கிரிப்டை இலவசமாக எடுக்கலாம். கணக்கு எந்தத் தேதியில் ஏற்கப்பட்டது, பாக்கி பூஜ்யமா என்பது அதில் இருக்கும். 2020 முதல் இன்றுவரை எல்லா வருடத்துக்கும் எடுங்கள். வர்ஜீனியா மாநில வரிக்கும் அப்படியே. 2021-க்குப் பிறகு வந்த ஒவ்வொரு வருடமும் கெடுவுக்குள் தாக்கல் செய்திருக்கிறீர்கள் என்று காட்ட முடிந்தால் உங்கள் வாதத்துக்குப் பாதி பலம் வந்துவிடும்.

லாப நோக்கில்லாத கடன் ஆலோசனை நிறுவனம் ஒன்றில் போய் உட்காருங்கள். நெறிகளிலேயே இதற்குத் தனி இடம் இருக்கிறது. விளம்பரம் போட்டு ‘உங்கள் கடனைப் பாதியாக்குகிறோம்’ என்று கூப்பிடும் கம்பெனிகள் வேறு. அவற்றில் பல, கடன்காரருக்குக் கட்டுவதை நிறுத்தச் சொல்லி, அந்த மாதங்களில் உங்கள் ரிப்போர்ட்டை இன்னும் மோசமாக்கிவிடும். ஆலோசகரோடு சேர்ந்து மாத வரவு செலவு ஒன்று போட்டு, அதன்படி நடந்ததற்கான வங்கிக் கணக்குப் பிரதிகளோடு வையுங்கள். திவால் மனுவும் சட்டப்படியான வழிதான், அது போட்டால் கிளியரன்ஸே கிடையாது என்பது கட்டுக்கதை. ஆனால் உங்கள் தொகைக்கும் சம்பளத்துக்கும் அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த முறை நேரில் விசாரணை கேளுங்கள். செலவும் கூச்சமும் வேண்டாம் என்றுதான் எழுத்து மூலம் போதும் என்றிருப்பீர்கள். அந்தக் கூச்சம் எனக்கு நன்றாகவே தெரிந்தது, நம் வீடுகளில் கடனைப் பற்றி வெளியே பேசுவதே இல்லை. ஆனால் பணப் பிரச்சினையில் நம்பகத்தன்மைதான் முழு விஷயமும். காகிதத்தில் நீங்கள் ஆறு குற்றச்சாட்டுகளாக மட்டுமே தெரிவீர்கள். நேரில் வந்தால் நீதிபதி உங்களைப் பார்த்துக் கேள்வி கேட்பார், நீங்கள் மறைக்காமல் பதில் சொல்வதைப் பார்ப்பார். பல நேரம், விடுபட்ட ரசீதுகளை அனுப்ப விசாரணைக்குப் பிறகும் சில நாள் அவகாசம் தருவார். எழுத்து வழியில் ஒரே ஒரு வாய்ப்புதான். இந்த விசாரணை உரிமை சும்மா வந்ததும் இல்லை. வில்லியம் கிரீன் என்ற கடற்படை கான்ட்ராக்ட் நிறுவன அதிகாரி, யார் என்ன சொன்னார்கள் என்றே தெரியாமல் கிளியரன்ஸ் இழந்து, உச்ச நீதிமன்றம் வரை போய் 1959-ல் ஜெயித்தார். அடுத்த வருடம் அதிபர் ஐசனோவர் பிறப்பித்த 10865-ஆம் ஆணையிலிருந்துதான் இன்றைய விசாரணை முறை வருகிறது. அப்படிக் கிடைத்ததைப் பயன்படுத்துங்கள்.

மனைவியிடம் சொல்லிவிடுங்கள். இதை அறிவுரையாகச் சொல்லவில்லை, வழக்கறிஞராகச் சொல்கிறேன். வீட்டுக்குத் தெரியாத கடனை வைத்து ஒருவரை மிரட்ட முடியும் என்பது கிளியரன்ஸ் முடிவுகளில் உண்மையிலேயே கவனிக்கப்படும் விஷயம். அடுத்த விசாரணையில் ‘உங்கள் மனைவிக்குத் தெரியுமா?’ என்று கேட்டால் ‘தெரியும், இந்த மாத பட்ஜெட்டை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் போட்டோம்’ என்று சொல்ல முடிய வேண்டும். அவரும் சாட்சி சொல்லலாம், கடிதம் தரலாம். 2021-ல் உங்களோடு அந்த வீட்டில் இருந்தவர் அவர்தானே. அவரைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

கடைசியாக வேலை விஷயம். கிளியரன்ஸ் இல்லாமல் ரகசிய வேலையில் உங்களை வைக்க நிறுவனத்தால் முடியாது. ஆனால் வேறு புராஜெக்ட்டில் வைத்துக்கொள்ளத் தடையில்லை. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் நீங்களாகப் போய்ப் பேசுங்கள். இது எவ்வளவு முக்கியம் என்றால், ஒரு வருடம் கழித்து மறு விண்ணப்பத்தை உங்களால் தனியாகப் போட முடியாது, ஒரு நிறுவனம்தான் உங்களுக்காகத் தொடங்க வேண்டும். அது இப்போதைய நிறுவனமாகவும் இருக்கலாம், புது நிறுவனமாகவும் இருக்கலாம். அந்த விண்ணப்பத்தில் ‘எப்போதாவது கிளியரன்ஸ் மறுக்கப்பட்டதா?’ என்ற கேள்விக்கு ஆமாம் என்று எழுதி, தீர்ப்பின் தேதியையும் எழுதுங்கள். அங்கே மறைத்தால் கடனைவிடப் பெரிய வழக்கு வரும். விண்ணப்பம் போன பிறகு இந்தத் தீர்ப்பின் நகலையும், அதில் சொன்ன ஒவ்வொரு குறையும் சரிசெய்யப்பட்டதற்கான ஆதாரத்தையும் டோஹா இயக்குநருக்கு நீங்கள்தான் அனுப்ப வேண்டும். மறுபடி எடுத்து விசாரிக்கத் தகுந்தது என்று அவர் ஒப்புக்கொண்டால்தான் வழக்கு தொடங்கும். ஆறு குற்றச்சாட்டுகளுக்கு ஆறு உறைகள், ஒவ்வொன்றிலும் அதற்குரிய ரசீதுகள் என்று இன்றே பிரித்துவையுங்கள். செட்டில் செய்த அந்தக் கார்டின் ரசீது அப்பீலில் இடம் பெறாது, ஆனால் அதற்குரிய உறையில் முதல் தாளாக இருக்கும். நோட்டீஸ் அனுப்பிவிட்டு, மெயிலில் ரசீது இணைந்திருந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.